தண்ணீருக்குள் நாலு பேர்

எங்கள் தெருவில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முத்துச்சிப்பியில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். தலைவலிக்கு மாத்திரை சொல்லத் தெரியாது. அப்பாவின் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்திருந்தால் ஊருக்கு இதைவிட உபயோகமாக இருந்திருப்பேன்.

சிப்பியின் சதையைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து முத்து எடுப்பது திட்டம். எட்டு வருஷம் வளர்த்தோம். கிடைத்ததை முத்து என்று சொல்ல எங்களுக்கு மட்டும்தான் மனசு வந்தது. திட்டத்தை மூடினார்கள். ஆனால் சிப்பியின் செல்களை எண்ணுவதற்குக் கம்ப்யூட்டரைப் பழக்கி வைத்திருந்தேன். செல்லை எண்ணுகிறவன் கேமராப் படத்தில் படகையும் ஆளையும் எண்ணமாட்டானா என்று கடலோரக் கண்காணிப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உயிர்த்தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு, தேசப் பாதுகாப்பு என்று மூன்று துறை வல்லுநராகப் போட்டுக்கொள்ளலாம். மூன்று இடத்திலும் நான் செய்தது எண்ணியதுதான்.

அந்த எட்டு வருஷமும் எனக்குச் சிப்பி எடுத்துத் தந்தவன் ஒரு சங்குகுளிகாரன், கடலுக்கடியில் சங்கு பொறுக்குகிறவன். என் வயசுக்காரன். காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினால் ஒரு மணி நேரம் கீழேயே கிடப்பான். வள்ளத்தில் குழாய்க்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தடதடக்கும். நான் விளிம்பைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருப்பேன்.

"ஏலே டாக்டரு, மீனுக்குச் சோறு போட்டது போதும்ல" என்பான் மேலே வந்ததும்.

கண்காணிப்பு வேலையில் நான் எழுதிய ஒரு விதிக்குப் பாராட்டு கிடைத்தது. ஆறு பேரோடு கிளம்பிய படகில் நடுக்கடலில் இரண்டு பேர்தான் இருந்தால், நாலு பேரை எங்கேயோ இறக்கிவிட்டது. சிவப்புக் குறி போடு. கூட்டத்தில் கைதட்டினார்கள். டீயோடு மக்ரூனும் வந்தது.

அந்த நாலு பேரும் தண்ணீருக்குள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டெல்லியிலிருந்து வந்தவனுக்குத் தோன்றாவிட்டால் மன்னிக்கலாம். அதே வள்ளத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தவனுக்கு?

ஒருநாள் காலை பத்தரை மணிக்குத் திரையில் ஒரு படகு சிவந்தது. ரோந்துப் படகு விரைந்தது. ஒலிபெருக்கியில் அதட்டல் கேட்டதும், வள்ளத்தில் இருந்த என் சங்குகுளிகாரனின் மச்சான் மிரண்டுபோய் எல்லாக் குழாயையும் பிடித்து இழுத்திருக்கிறான். இழுத்தால் உடனே மேலே வா என்று அர்த்தம். மற்ற மூன்று பேரும் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, தப்பித்தார்கள். இவன் வெகுநேரமாக ஆழத்தில் கிடந்தவன். அப்படிக் கிடந்துவிட்டுச் சட்டென்று ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழி கட்டும். சோதனையில் ஒரு சாக்குச் சங்கு கிடைத்தது. அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்கப் போனேன். "அண்ணே, நீங்க காலைத் தொட்டுப் பாருங்களேன்" என்றாள் அவன் மனைவி.

"ஏளா, அவன் சிப்பி டாக்டரு. எனக்கு ஓடு முளைச்சாக் காட்டுவோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவனே தொடர்ந்தான். "மச்சானுக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்க மாட்டேங்கான். வள்ளத்துமேல சிவப்பு இருக்காம். மூணு குடும்பம் அதுலதான் சாப்பிடுது. அதப் போட்டது மெஷினா?"

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது நான்."

"அப்ப எழுதிக் குடு. நாங்க தண்ணிக்குள்ளதான் கெடந்தோம்னு எழுது."

எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி படித்தார். "தவறுன்னு வேண்டாமே சார். கூடுதல் தகவல் பெறப்பட்டதுன்னு போடுங்க." தவறு என்றே இருக்கட்டும் என்றேன். அடுத்த வாரம் என் மேசையைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். படகின் சிவப்பையும் எடுத்தார்கள்.

அதைச் சொல்லத்தான் மறுபடி போனேன், ஏதோ சாதித்தவன் மாதிரி.

"உன் வள்ளத்துக்கு விலக்கு குடுத்துட்டாங்க."

"விலக்குன்னா?"

"அது ஒண்ணுக்கு மட்டும் சிவப்பு விழாது."

"மத்த சங்கு வள்ளத்துக்கு?"

விதி அப்படியே இருந்தது. என் கடிதமே ஒரு படகைப் பற்றித்தான் பேசியது. அவன் கேட்ட காரியத்தை மட்டும், அவன் கேட்ட அளவுக்கு மட்டும் செய்திருந்தேன்.

"ஏளா, பிள்ளைக்க நோட்டை எடுத்தா."

படுத்தபடியே மற்ற சங்கு வள்ளங்களின் எண்களைச் சொன்னான். எழுதினேன். ஏழாவது எண்ணில் நிறுத்தினான்.

"இது இன்னைக்குக் காலைல போயிருக்கு. இந்நேரம் எல்லாரும் கீழதான் கெடப்பானுவ. எழுதிக்கிட்டு இருக்காதல, போன் போடு!"

கட்டுப்பாட்டு அறைக்குப் போட்டேன். எடுத்தவர் புதுசு. எண்ணைச் சொன்னதும் பார்த்துவிட்டு, "ஆமா சார், சிவப்பு. ரோந்து கிளம்பிடுச்சு" என்றார். அது சங்கு வள்ளம், ஆட்கள் தண்ணீருக்குள் இருக்கிறார்கள், மெதுவாக வரச் சொல்லுங்கள், குழாயை யாரும் இழுக்கக் கூடாது என்றேன்.

"இதை எழுத்து மூலமா அனுப்புங்க சார்."

போனை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"எய்யா, கீழ ஆளு கெடக்கு. தூரத்துலயே நிக்கச் சொல்லுங்க."

நீங்கள் யார் என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"கீழ கெடந்தவன்."

பிறகு, ரோந்துப் படகைக் கூப்பிட்டுப் பார்க்கிறோம், லைனில் இருங்கள் என்றார். இருந்தோம்.