ஒரு குழாய் எச்சில்

உங்கள் இரண்டு பேரிடமும் இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற கை இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புரட்டாசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் அம்மா நம் வீட்டுக்கு வந்தார்கள் இல்லையா, அங்கிருந்து தொடங்குகிறேன். "கப்பல்காரர்" என்று நம் வீட்டில் ஒருவரைச் சொல்வோம். என் தாத்தாவுடைய அப்பா. கரும்புத் தோட்டத்து வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவனோடு போனவர், திரும்பி வரவில்லை. அவருக்குப் படம் கிடையாது, செத்த தேதியும் தெரியாது. மகாளய அமாவாசையில் அவர் பேருக்கு ஓர் இலை போடுவோம், அவ்வளவுதான். அந்த அம்மா அவருடைய கொள்ளுப்பேத்தி. போன இடத்தில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் விசாரித்து, அங்கிருந்து நம் ஊர் வி.ஏ.ஓ.விடம் வந்து, அவர் வழிகாட்டி நம் வாசலில் இறங்கினார்கள். தாத்தா, ஆயா, அண்ணா. அவர்களுக்குத் தெரிந்த தமிழ் இந்த மூன்று சொல்தான். மற்றதையெல்லாம் மகளே, நீதான் எனக்குச் சொன்னாய்.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்கள். சென்னையில் கப்பல் ஏறிய நாளில் எழுதிய பாரத்தின் நகல். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், தாலுகா, கிராமம். அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது முழங்கைக்குக் கீழே தீக்காயத் தழும்பு. நூறு வருஷத்துக்கு மேலே ஆன ஒரு மனுஷனின் கை திடீரென்று என் முன்னால் நீண்ட மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரம்தான் நின்றது.

கடைசி வரியில் அந்த அம்மா விரல் வைத்தார்கள். நெருங்கிய உறவு என்ற இடத்தில் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது.

"அப்பா, கொழந்தைன்னு எதுவுமே எழுதலையேன்னு கேக்கறாங்க" என்றாய் நீ. "ஊர்ல ஒரு புள்ள இருக்குன்னு அவர் அங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லியாம்."

"அப்பல்லாம் பொண்டாட்டி பேரு போட்டா போதும்மா" என்று சிரித்தேன். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவர்களை லாட்ஜில் விட்டுவிட்டு வந்து, பீரோவிலிருந்து என் தாத்தாவின் பென்ஷன் புத்தகத்தை எடுத்தேன். தாத்தா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர் என்று உங்களுக்குத் தெரியும். அதில் பிறந்த தேதி இருக்கிறது. பாரத்தில் கப்பல் ஏறிய தேதி இருக்கிறது. காலண்டர் முதுகில் பென்சிலால் கழித்துப் பார்த்தேன். தப்பாகக் கழித்திருப்பேன் என்று மறுபடியும் பார்த்தேன். கப்பல் போய் இரண்டரை வருஷம் கழித்துத் தாத்தா பிறந்திருக்கிறார்.

மறுநாள் வழக்கம்போல வேன் ஓட்டினேனே தவிர, புத்தி வண்டியில் இல்லை. கீழ்பென்னாத்தூர் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன். "டிரைவரு, நாங்க எறங்க வேணாமா? செஞ்சிக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போடப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். வேன் முழுக்கச் சிரித்தார்கள். நான் வண்டியை ஓரம் கட்டி இறக்கிவிட்டேன்.

எனக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது நாம்தான் மூத்த தலைக்கட்டு. நம் பானை பொங்கின பிறகுதான் மற்ற பங்காளிகள் பானையில் அரிசி போடுவார்கள். இந்தக் கணக்கு வெளியே போனால், அந்தக் கோயில் வாசலில் உங்களைப் பார்த்து, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒருவன் கேட்டுவிடுவான். என்னைக் கேட்டால் போகட்டும். உங்களைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கப்பல்காரர் விட்டுப் போன அந்தப் பாட்டியை நினைத்தும் பயந்தேன். புருஷன் போன வீட்டில் சின்ன வயதில் தனியாக இருந்தவள். யாரையாவது அவளுக்குப் பிடித்திருந்ததா, இல்லை, அவள் விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லையா? இதை எந்தக் காகிதமும் சொல்லாது.

மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயோடு வந்தார்கள். "இதுல எச்சில் துப்பிக் குடுத்தா போதுமாம்ப்பா. அவங்களும் நாமளும் ஒரே ரத்தமான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லிடுவாங்களாம்" என்றாய். "துப்புங்கப்பா, வண்டி ஜன்னல்ல துப்பறத இதுல துப்புங்க" என்றான் உன் தம்பி. வெற்றிலை போட்டிருக்கிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று பொய் சொன்னேன். வெற்றிலை போட்டு மூன்று நாளாகியிருந்தது. அவர்களுக்கு மறுநாள் மாலை விமானம்.

அன்று மத்தியானம் நான் செய்த காரியத்துக்கு இன்னும் வெட்கப்படுகிறேன். குழாயை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் உங்கள் பெரியப்பாவிடம் போனேன். அவர் கப்பல்காரருடைய தம்பியின் வழி. அந்த வழியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பங்காளி ரத்தம் ஒரே ரத்தம்தானே, அவர் துப்பினால் நான் துப்பின மாதிரிதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பௌர்ணமி இல்லாத நாள், கிரிவலக் கூட்டம் கிடையாது, கடையில் ஆள் இல்லை. குழாயை நீட்டினேன்.

"அண்ணே, இதுல கொஞ்சம் எச்சில் துப்பிக் குடுங்க."

அவர் பாய்லருக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார். "என்னாடா கேக்கற?"

"கொஞ்சம் போதும்ணே."

"முடி கேப்பான், காலடி மண்ணு கேப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ குழாய எடுத்துட்டு எச்சிலு கேட்டு வந்து நிக்கற. எந்த மந்திரவாதிகிட்ட குடுக்கப் போற?"

"ஐயோ, செய்வினை எல்லாம் இல்லண்ணே."

"அப்ப உன் வாயி காஞ்சா பூட்ச்சு?" என்றவர் உள்ளே திரும்பி, "ஏய், இங்க வந்து பாரு, என் தம்பி எனக்கு சூனியம் வெக்க வந்துருக்கான்" என்று கூவினார்.

"அண்ணிய கூப்பிடாதீங்கண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. பாரத்தையும் பென்ஷன் புத்தகத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

விரல் கணுவில் கட்டைவிரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிறுத்தவில்லை, கடைசிவரை எண்ணினார்.

"ரயில்வேல வயச கம்மி பண்ணித்தான்டா சேருவாங்க. அப்பதான் ஜாஸ்தி வருஷம் வேல பாக்கலாம்."

"ரெண்டர வருஷமா கம்மி பண்ணியிருப்பாரு?"

"பண்ணியிருக்கலாம், பண்ணாமலும் இருந்திருக்கலாம். நான் கூட நின்னா பாத்தேன்?" புத்தகத்தை மூடினார். "இத கேளு. கப்பல்காரரோட அப்பா செத்தப்போ மூத்த மவன் ஊர்ல இல்ல. ரெண்டாவது மவன், எங்க தாத்தாவோட அப்பா, பக்கத்துலயே நிக்கறாரு. கொள்ளி அவர்தான வெக்கணும்? மூத்தவன் புள்ள இருக்கறப்ப நான் வெக்க மாட்டேன்னுட்டு, உங்க தாத்தா கையில குடுத்தாரு. கப்பல் எப்ப போச்சு, புள்ள எப்ப பொறந்துச்சுன்னு அதே வீட்ல இருந்த அவருக்குத் தெரியாதா?"

"அப்ப, அவருக்குத் தெரிஞ்சேதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு. டீ ஆறுது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ பயம் இரண்டு மடங்கானது. எல்லாம் சரியாக இருந்ததால் கொள்ளியைக் கொடுத்தாரா, இல்லை, வீட்டில் நடந்த ஒன்றை மூடி வைக்கக் கொடுத்தாரா? அவருக்கு என்ன தெரிந்திருந்தாலும் அது அவரோடு எரிந்துவிட்டது.

கிளம்பும்போது குழாயை என் சட்டைப் பையில் பெரியப்பாவே வைத்தார். "துப்பறதுன்னா நீ துப்பு. இல்லன்னா முடியாதுன்னு சொல்லிடு. என் எச்சில உன் பேர்ல அனுப்பிடாத. அந்தப் பொண்ணு எவ்ளோ தூரத்துலருந்து வந்துருக்கு."

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு லாட்ஜுக்குப் போய், அந்த அம்மா முன்னாலேயே துப்பினேன். வாய் வறண்டிருந்தது. கோடு வரைக்கும் நிரப்பக் கால் மணி நேரம் ஆனது. அவர்கள் சிரித்துக்கொண்டே, "அண்ணா, அண்ணா" என்று என் முதுகைத் தட்டினார்கள். அந்தச் சொல்லுக்கு நான் உரிமைப்பட்டவனா என்று தெரியாமலேயே தலையாட்டினேன்.

முடிவு இன்னும் வரவில்லை. எனக்கு மெயில் கிடையாது என்பதால் டெஸ்ட் பாரத்தில் உன் மெயிலைத்தான் எழுதினார்கள், மகளே. உன் போன் சத்தம் போடும்போதெல்லாம் நான் உன் முகத்தைப் பார்ப்பது இதனால்தான். வந்தால் திற. வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தனியாக மட்டும் திறக்காதே. தம்பியையும் என்னையும் கூப்பிடு.

உங்கள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை உங்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் படித்துக் காட்ட வேண்டும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. அது நின்றதும் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.