மிஸ் எட்னாவின் ஆணிகள்

1985, நவம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. நூவர்க்கிலிருந்து டாலஸுக்கு விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம். போக வர டிக்கெட் இருநூற்று முப்பத்தெட்டு டாலர். நான் ஜெர்சி சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ். வருடத்துக்கொரு முறை தம்பி சேவியர் வீட்டுக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம். இந்த முறை கைப்பையில் அரை டஜன் மெழுகுவர்த்தியும் இருந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள். பாளையங்கோட்டையில் இருந்திருந்தால் குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருப்போம். அமெரிக்காவில் எங்களுக்குக் கல்லறை ஏது? இங்கே எங்களில் யாரும் இன்னும் சாகவில்லை. ஆனாலும் அந்தத் தேதி வந்தால் மெழுகுவர்த்தி வாங்காமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

பக்கத்து இருக்கையில் அகலத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். டெக்சஸில் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டார். தம்பியை என்றேன். அவன் பொழுதுபோக்காகத் தரைக்குள் இருப்பதைத் தேடுகிறவன் என்றும் சொல்லிவைத்தேன். "எண்ணெயா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லை, பழைய பட்டன்" என்றதும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

விமான நிலையத்திலிருந்து தம்பி குடியிருக்கும் காப்பெல் கால் மணி நேரக் கார்ப் பயணம். சேவியர் டெலிபோன் கம்பெனி ஒன்றில் என்ஜினியர். கம்பியில் வரும் இரைச்சலை வடிகட்டிப் பேச்சை மட்டும் அனுப்புவது அவன் வேலை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மனைவி ரெஜினாவைக் காபிகூடக் கொடுக்க விடாமல் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனான். சுவரில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி தொங்கியது. பக்கத்தில் அதன் நுனியில் மாட்டும் வட்டமான மூன்று காயில்கள்: நான்கு அங்குலம், எட்டு அங்குலம், பன்னிரண்டு அங்குலம்.

"பெருசு போட்டா ஆழம் போகும்க்கா. ஆனா கீழ நாலு சாமான் பக்கத்துல பக்கத்துல கெடந்தா ஒண்ணாக் கொழப்பிரும். சின்னது ஆழம் போகாது. ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனியா சொல்லும்."

"இந்தக் குமிழ் எதுக்கு?"

"அது இரும்பை ரிஜெக்ட் பண்ண. பழைய எடத்துல எங்க பாத்தாலும் துருப்பிடிச்ச ஆணிதான். அதை அமுக்கலேன்னா காது போயிரும். நான் எப்பவும் முழுசாத் திருப்பி வச்சிருவேன்."

இவ்வளவு உற்சாகமாகச் சொன்னவன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். விஷயம் இதுதான். ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே மிஸ் எட்னா என்ற எண்பத்தொரு வயது அம்மாளுக்கு ஒரு மேய்ச்சல் நிலம் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே பருத்திக்காரர்களின் ஊர் இருந்ததாம். ரயில் பாதை வேறு பக்கம் போனதும் ஊர் கலைந்துவிட்டது. சேவியர் போய்க் கதவைத் தட்டி, தேடிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறான். தாராளமாகத் தேடு, ஆனால் என் தம்பி எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடித்துக் கொடு என்றாராம் அந்த அம்மாள். அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது கைக்குழந்தையாகச் செத்துப்போன தம்பி. நிலத்தை வீடு கட்டுகிறவர் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டினால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதாக வாங்கியவர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை மண்வாரி இயந்திரம் வந்து எல்லாவற்றையும் சமமாக்கிவிடும்.

"மூணு வாரம் முன்ன ஃபுல் டே தேடினேன்க்கா. ரெஜினா, ஷீலா எல்லாரும் வந்தாங்க. பெரிய காயில்தான் போட்டேன். சவப்பெட்டியோட பித்தளைப் பிடி ஏதாவது மாட்டும்னு பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. அங்க ஒண்ணும் இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தேங்க்யூன்னாங்க. அதுதான் தூங்க முடியல."

நவம்பர் 2, சனிக்கிழமை. மறுபடி தேடிப் பார்த்துவிடுவது என்று காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். நாங்கள் இருவர் மட்டும். அவன் மகள், ஐந்து வயது ஷீலா, "டாடி, டோன்ட் கோ" என்று வாசலில் நின்று அழுதாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். ஃபிரிஸ்கோ வரை இருபத்தைந்து மைல், அதற்கப்பால் பண்ணைச் சாலையில் ஏழு மைல். ஊரைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போயின. நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். சேவியர் சிரித்தான், ஆனால் ரேடியோவை அணைத்தான்.

ஏழே முக்காலுக்கு மிஸ் எட்னா வீடு. ஒல்லியான அம்மாள், ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். எங்களைக் கண்டதும் எதுவும் கேட்காமல் கறுப்புக் காபி ஊற்றினார். ஏற்கெனவே இல்லையென்று சொன்னவன் மறுபடி வந்து நிற்பதில் ஏதோ நம்பிக்கை தெரிந்திருக்க வேண்டும். சேவியர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் கேட்டேன்: "மண்ணுக்கு மேலே எப்படி இருந்தது? கல்லா, சிலுவையா?"

கல் வாங்க வசதியில்லை என்றார். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் முழங்கால் உயரத்துக்கு மரச் சட்டங்களை அடித்து வேலி போடுவார்களாம், பன்றிகள் தோண்டாமல் இருக்க. "தம்பிக்கு அப்பா வேலி அடித்தார். என் மடியில் ஆணிகளைக் கொட்டியிருந்தார். அவர் கையை நீட்ட நீட்ட நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை."

சேவியர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கே புரிந்துவிட்டது, அவனுக்குப் புரியாதா? மரம் எழுபது வருடத்தில் மக்கியிருக்கும். ஆணிகள் விழுந்த இடத்திலேயே இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிடக்கும். அந்தக் குழந்தையைப் பற்றி அந்த நிலத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஆணிகள்தான். என் தம்பி முதல் வேலையாக அவற்றின் வாயைத்தான் அடைத்திருக்கிறான்.

"இரைச்சல்னு நெனச்சேன்க்கா" என்றான் காரில்.

மிஸ் எட்னாவும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். எட்டரைக்கு நிலத்தில் இருந்தோம். பனி விலகவில்லை. இடுப்புக்குக் கீழே மஞ்சள் புல், மேலே வெள்ளை, அவ்வளவுதான். ஒரு பறவைச் சத்தம்கூடக் கிடையாது. எங்கள் கார்க் கதவை மூடிய சத்தம் எங்கேயோ மோதித் திரும்பி வந்தது. மோத அங்கே ஒன்றும் இல்லை.

சேவியர் பன்னிரண்டு அங்குலத்தைக் கழற்றி நான்கு அங்குலத்தை மாட்டினான். இரும்பை ஒதுக்கும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். மண்ணுக்கு ஏற்றபடி இன்னொரு குமிழைச் சரிசெய்து, மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கும்படி வைத்தான். இயர்ஃபோனை என் தலையில் மாட்டினான். "நீ கேளுக்கா. என் காதை நான் நம்பல." கருவியை அவன் வீச, நான் ஒயரின் நீளத்துக்குள் பக்கத்திலேயே நடந்தேன். அந்த அம்மாள் கையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய கம்பிகளோடு பின்னால் வந்தார்.

முக்கால் மணி நேரம் வெறும் ரீங்காரம். பிறகு சரிவின் ஓரத்தில் ஒரு "டொக்". கையளவு தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான் கையைத் தூக்கும் இடத்திலெல்லாம் கொடி நட்டோம். சத்தம் நேராகப் போனது, நின்றது, பக்கவாட்டில் திரும்பியது. முதல் சத்தத்துக்கே மறுபடி வந்து சேர்ந்தோம். சேவியர் ஓரிடத்தில் மட்டும் கத்தியால் கிளறினான். விரல் நீளத்துக்குத் துரு. அதைத் திரும்ப அங்கேயே வைத்து மூடினான். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் முன்னால் ஆறடிக்கு மூன்றடியில் ஆரஞ்சுக் கொடிகளால் ஒரு செவ்வகம். அதன் ஒரு பக்கத்தில் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் தொடாமல் நின்றோம்.

நான் செருப்பைக் கழற்றினேன். பார்த்துவிட்டு அவனும் ஷூவைக் கழற்றினான். மிஸ் எட்னா எதற்கென்று கேட்கவில்லை.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒன்றை முடித்து இரண்டடி நகர்ந்தால் அடுத்தது தொடங்கியது. ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொரு வரிசை. கொடிகள் தீர்ந்துபோய்க் காரிலிருந்த காகிதக் கைக்குட்டைகளைக் குச்சியில் சுற்றினோம். ஆட்கள் வந்துகொண்டே இருப்பது போல இருந்தது. பதினோரு மணிக்குள் பதினைந்து கல்லறைகள் ஆகியிருந்தன. பதினாறாவது சின்னது. மூன்றடி நீளம்.

மிஸ் எட்னா அதன் தலைமாட்டில் மண்டியிட்டார். "இந்தச் சரிவுதான். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இந்தச் சரிவு தெரிந்தது" என்றார். "இது வால்டர்." அழவில்லை. மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோலக் கை மட்டும் ஒரு முறை அசைந்தது. என் கண்தான் நிறைந்தது.

கருவி இன்னும் என் காதில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. சேவியர் கையைத் தளர்த்தியதில் காயில் பக்கத்தில் தாழ்ந்தது. டொக். வால்டரின் வேலியை ஒட்டி இன்னொரு கோடு. நட்டு முடித்தபோது அது இரண்டடிகூட இல்லை. நடுவில் தொட்டில் போல லேசாக மண் இறங்கிப் புல் மெத்தென்று இருந்தது.

சேவியர் கருவியைக் கீழே வைத்தான். "அக்கா, இங்கதான்" என்றான்.

"என்னலே இங்கதான்?"

"அன்னிக்கு இங்கதான் பெட்ஷீட் விரிச்சுப் புளிசாதம் சாப்பிட்டோம். பள்ளமா நல்லா இருக்குன்னு ஷீலாவை இதுலதான் படுக்கப் போட்டேன். ரெண்டு மணி நேரம் அசையாமத் தூங்கினா."

நான் வாய்விட்டு மாதாவின் அருள்நிறை மந்திரம் சொன்னேன். தமிழில் நாங்கள் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் மிஸ் எட்னா அந்தச் சின்னச் செவ்வகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாருடையது? எங்களுக்கு வால்டர் ஒருவன்தானே" என்றார்.

பதினோரு வருடம் பிரசவ வார்டில் நின்றவள் நான். அந்த அளவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பிறந்த உடனே போன குழந்தை என்று. ஆனாலும் கேட்டேன்: "வால்டருக்குப் பிறகு உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதா?"

அடுத்த குளிர்காலத்தில் தன்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள் என்றார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்களாம். திரும்பி வந்தபோது அப்பாவின் ஆணிப் பெட்டி காலியாக இருந்ததாம். "அதைப் பற்றிக் கேட்டேன். கோழிக்கூண்டு அடித்தேன் என்றார். எங்களிடம் கோழிக்கூண்டே இல்லை."

சேவியரால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து, புளிசாதத்தையும் ஷீலா தூங்கியதையும் ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நன்றாகத் தூங்கினாளா?" ஆமாம் என்றான். "அப்படியானால் ஒரு மத்தியானமாவது இதற்குத் துணை இருந்திருக்கிறது" என்றார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பெண்ணின் பெயரை இதற்கு வைக்கட்டுமா? பலகையில் எழுத ஒரு பெயர் வேண்டும்."

உயிரோடு இருக்கிற குழந்தையின் பெயரைக் கல்லறையில் எழுதுவதா? சேவியர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு முகமில்லை. சரி என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்? அந்த அம்மாள் கேட்டது அன்பில். அதுதான் கஷ்டம்.

எங்கள் வார்டில் பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு, பாதிரியார் வரும்வரை காத்திருக்க நேரமில்லாவிட்டால், நர்ஸே ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெற்றவள் பேசும் நிலையில் இல்லையென்றால் பெயரையும் நாங்களே வைப்போம். எத்தனையோ பெயர் வைத்திருக்கிறேன். என் பெயரை யாருக்கும் வைத்ததில்லை. கொஞ்சம் பயம்தான்.

"என் பெயரை வையுங்கள்" என்றேன். "பிலோமினா."

அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சரியாக வந்தது. ஆறு மெழுகுவர்த்தியில் இரண்டைச் சின்னவர்களுக்கு ஏற்றினேன். காற்றே இல்லை. சுடர் அசையாமல் நின்றது. நிலத்தை வாங்கிய கட்டிட முதலாளி, மிஸ் எட்னா காலையிலேயே போனில் சொல்லியிருந்தபடி, பன்னிரண்டு மணிக்கு வந்து எண்ணினார். "பதினாறா?" என்றார். "பதினேழு" என்றார் மிஸ் எட்னா. முதலாளி தொப்பியை எடுத்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்குக் காப்பெல் திரும்பினோம். ஷீலா ஓடி வந்தாள். சேவியர் "தொடாத, தொடாத" என்று பின்வாங்கி, தோட்டத்துக் குழாயைத் திறந்து தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டான். நவம்பர் குளிரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். பிறகுதான் பிள்ளையைத் தூக்கினான். வெகுநேரம் இறக்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு. மாலை ஐந்து மணி விமானம். மேலே எழும்பியதும் கீழே புதுக் குடியிருப்புகள் தெரிந்தன. வீடுகள் வரப்போகும் இடங்களில் சிமெண்டுத் தளங்கள் மட்டும், வரிசை வரிசையாகச் செவ்வகங்கள். நான் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். ஜெர்சி சிட்டியில் நான் வாடகைக்கு இருப்பது மூன்றாம் மாடி. கீழே என்ன இருக்கிறது என்று இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மிஸ் எட்னாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வெள்ளை வேலிக்குள் இரண்டு சின்னக் கற்கள். ஒன்றில் வால்டர். மற்றதில் என் பெயர், ஓர் எழுத்துகூடப் பிசகாமல். இந்த நாட்டில் எங்களுக்குக் கல்லறை இல்லை என்று இனி நான் சொல்ல முடியாது.