ஈயக் கிண்ணம்

என் அக்காள் ஜெபசீலியின் புருஷன் சவரியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கொட்டகையில் பழைய பேட்டரிகளைச் சம்மட்டியால் உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்குகிற வேலை. அங்கே அடித்தது போதாதென்று வீட்டிலும் அடிப்பார். அவர் கை ஓங்காத ஒரே உயிர், நாய் ஜிம்மி.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன். ஈயச் சொம்பு ரசம் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கொட்டகையிலேயே இரண்டு கிண்ணம் வார்த்துக் கொண்டுவந்தார். ஒன்று மகள் எவாஞ்சலினுக்குப் புளிரசம் குடிக்க, மற்றது ஜிம்மியின் மோர்ச்சோற்றுக்கு. பாசம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளில் பிள்ளை வயிற்றுவலி என்று சுருண்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று அறைந்தார். நாயும் தள்ளாடியது, சுவரில் போய் முட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, ஜிம்மி வாசலில் நுரை தள்ளி இழுத்துக்கொண்டு கிடந்தது. எவாஞ்சலின் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள, அவள் கையைக் கவ்விவிட்டது. வெறி பிடித்துவிட்டது என்று எதிர்வீட்டு நாராயணப்பன் கத்தினார். சவரியப்பன் சம்மட்டியை எடுத்துவந்தார். அவரைக் கண்டதும் அது வாலை ஆட்டியது. முதல் அடியில் இடுப்பு போனது. ஊர்ந்து அவர் காலடிக்கே வந்தது. மண்டையில் இன்னும் இரண்டு போட்டார். இரத்தம் பிள்ளையின் வெள்ளைக் கவுனில் தெறித்தது.

மகளுக்கு ஊசி போட்டார்கள். நாயின் உடல் சோதனைக்குப் போனது. முடிவு வந்த அன்று நானும் சவரியப்பனோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறி இல்லை, உடம்பெல்லாம் ஈயம் என்றார் கால்நடை டாக்டர் மேகலா. எதில் சோறு வைத்தீர்கள் என்று கேட்டார். ரசச் சொம்பு மாதிரி கொட்டகை ஈயத்தில் தானே வார்த்த கிண்ணம் என்றார் இவர்.

"ரசச் சொம்பு வெள்ளீயங்க. நீங்க உருக்கறது காரீயம், விஷம். வேற யாராச்சும் அதுல சாப்பிடறாங்களா?"

சவரியப்பன் ஓடிப்போய் வண்டியை எடுத்தார். வீட்டுக்குள் பாய்ந்து, ரசக் கிண்ணத்தை நசுக்கிப்போடச் சம்மட்டியைத் தூக்கினார். கிண்ணம் எவாஞ்சலின் கையில் இருந்தது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு, கட்டுப் போட்ட கையால் தலையை மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு வயித்துவலி எல்லாம் போயிருச்சுப்பா. நெசமா."

சொல்லும்போதே இன்னொரு கையால் வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தாள்.