நோயாளிக்கு வந்த பால்

ஓமானில், சோஹாரிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் ஒரு பேரீச்சந்தோட்டம். அதைக் கவனித்துக்கொள்பவர் சூடான் நாட்டுக் கிராமத்து விவசாயி. ஊரில் சண்டை தொடங்கிய பிறகு மனைவியும் கைக்குழந்தையும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் அவர்கள் இருந்த வீட்டின் கூரை காற்றில் பறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, நாங்கள் சில தமிழர்கள் வெள்ளிக்கிழமைகளில் போய் அதைச் சரிசெய்தோம். கூரை முடிந்த பிறகும் நானும், எங்களுக்கு அரபி பேசித் தந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் தொடர்ந்து போனோம். அவர் ஓமானி வீடுகளில் பல வருடம் வேலை செய்தவர். நான் பாத்தி வெட்டுவேன், தண்ணீர் மாற்றிவிடுவேன்.

மதியம் ஒரே பெரிய தட்டு. சோள மாவில் மெல்லியதாகச் சுட்ட அடை, அதன்மேல் கருவாட்டுக் குழம்பு. எல்லோரும் அதில்தான் கைவைப்பார்கள். நான் சைவம். முதல் நாளே யாழ்ப்பாணத்துப் பெண் அவர்களிடம் ஏதோ சொன்னார். உடனே எனக்கு ஒரு தம்ளர் ஆட்டுப்பால் வந்தது. பிறகு ஒவ்வொரு வாரமும் வந்தது.

கறக்கும் ஆடு ஒன்றுதான் இருந்தது. நான் குடிக்கும்போது குழந்தை பால் விடாத தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றபடி தம்ளரையே பார்க்கும். அம்மா அதன் தலையைப் பிடித்து வேறுபக்கம் திருப்புவார். இதைக் கவனிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். "அன்னிக்கு அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"சைவமெண்டா அவைக்கு விளங்கேல்லை, அண்ணை. மீனும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாமெண்டா ஆளுக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேட்டவை. ஓம், வயித்தில வருத்தம் எண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்கு ஒரு வியாதியும் இல்லையே."

"எனக்குத் தெரியும். அவையின்ரை தட்டில நீங்கள் கை வைக்கமாட்டியள் எண்டு சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்குமோ?"

அடுத்த வாரம் குழந்தைக்கென்று ஒரு டின் பால்மாவு வாங்கிப் போனேன். அதற்கடுத்த வாரம் அந்த டின்னை என் முன்னால்தான் உடைத்தார்கள். எனக்கு இரண்டு தம்ளர் வந்தது.

குணமாகிவிட்டது என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். விவசாயி இரு கைகளையும் ஏந்தி இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, பெரிய மீன் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். எல்லோரும் காத்திருந்தார்கள். என் கை போகவில்லை. அவர் மெதுவாக ஏதோ சொன்னார்.

"வருத்தத்தை மறைக்க வேண்டாமாம், அண்ணை. அதில வெக்கப்பட ஒண்டுமில்லையாம்."

பால் வந்தது.

நான் போகாவிட்டால் பால் குழந்தைக்குப் போகும் என்று கணக்குப் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை ரூமிலேயே இருந்துவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணும் போகவில்லை. மாலையில் கதவு தட்டப்பட்டது. அவரிடம் போனில் என் விலாசம் கேட்டுக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து பிக்கப்பில் விவசாயி வந்திருந்தார். இடுப்பில் குழந்தை. கையில் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில். அதில் பால், இன்னும் சூடாக.

"மாஃபி மரீத்," என்றேன். நோய் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரு தம்ளரில் ஊற்றிக் குழந்தையிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினார். பாட்டிலைக் கொண்டுபோக வேண்டும் என்று சைகை காட்டிவிட்டு நின்றார்.

நான் குடித்து முடிக்கும்வரை குழந்தை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.