பட்டியலில் விடுபட்ட வைத்திய நூல்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது, அதுதான் வினை. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபைப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். சபையின் வாசகசாலையும் என் பொறுப்பு. எந்தப் புத்தகம், யார் எழுதியது, யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். மிஷன் அச்சகத்தில் வந்த பழைய அகராதி, செல்லரித்த சங்கீதப் புத்தகம் எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பெரிது ஒன்றுதான்: வைத்தியரான அப்பா தன் கைப்பட எழுதிய வைத்திய நூல். அவர் போன பிறகு, நாலு பேர் படிக்கட்டும் என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் சூடுபிடித்தது. வாசகசாலைகளில் போலீஸ் புகுந்து தமிழ்ப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போகிறது என்று குளத்தூர்ப் பக்கமிருந்து பேச்சு வந்தது. மறுநாளே சபைக் காரியதரிசி பள்ளிக்கு வந்தார்.

“டீச்சரே, போலீஸு வந்தா மொதல்ல லிஸ்டைத்தான் கேப்பான். நல்ல புஸ்தகத்தை எல்லாம் விட்டுட்டு வேற லிஸ்டு எழுதணும். அதையெல்லாம் நான் கொண்டு போறேன். நம்ம வீட்டுல ரப்பர் ஷீட் காயப்போட்டு உணத்துத ஓலைப்புரை உண்டு, ஒரு பயலும் எட்டிப் பாக்கமாட்டான்.”

“அப்போ பழைய லிஸ்டு?”

“தீயில போடுங்க. அது ஆபத்தாக்கும்.”

நம்பினேன். ஞாயிறுதோறும் ஜெபம் சொல்லுகிற வாய் ஆயிற்றே! பழைய பதிவேட்டைப் பள்ளி அடுப்பில் நானே எரித்தேன். நல்ல புத்தகங்கள் அப்பாவின் நூலோடு அவர் வீட்டுக்குப் போயின. அவற்றை விட்டுப் புதியதை எழுதி, ‘இந்த வாசகசாலையில் உள்ள புத்தகங்கள் இவை மட்டுமே’ என்று கடைசியில் கையெழுத்தும் போட்டேன். போலீஸ் வந்தது, புரட்டியது, போனது. ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்குச் சிரித்தேன், மூளை கெட்டவள்.

எல்லை பிரிந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்துப் பக்கம் கிடந்தோம். காரியதரிசியிடம் புத்தகங்களைக் கேட்டால், “எல்லாம் ஒண்ணு அடங்கட்டு டீச்சரே” என்பார். கொஞ்ச நாளில் “கறையான் தின்னுட்டு” என்றார். அழுதேன், விட்டுவிட்டேன்.

சில வருடம் கழித்து, திருவனந்தபுரத்தில் ஒரு நூலகம் தன்னிடமுள்ள அரிய நூல்களின் பட்டியலை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. புரட்டினேன். எங்கள் அகராதி. எங்கள் சங்கீதப் புத்தகம். கறையான் பஸ் ஏறிப் போயிருக்கிறது! ஒவ்வொன்றின் கீழும் கொடையாளர் என்று காரியதரிசியின் குடும்பப் பெயர். அடுத்த பக்கத்தில், ‘வைத்திய நூல், கைப்பிரதி. முதல் தாள் இல்லை. எழுதியவர்: தெரியவில்லை.’ அந்த முதல் தாளில்தான் அப்பா தன் பெயரை எழுதியிருந்தார்.

பட்டியலைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்ய என்று முற்றத்தில் நின்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

“கத்தாதீங்க டீச்சரே. வாசகசாலை லிஸ்டு இருக்குல்லா, எடுத்துப் பாருங்க. அதுல உங்க அப்பா பேரு உண்டா? அப்படி ஒரு புஸ்தகம் உண்டா? எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்களாக்கும்.”

அப்பாவின் பெயரை அவர் கிழிப்பதற்கு முன்பே நான் எரித்திருந்தேன்.