முழங்கால் அளவு

மரவேலை ஓடாவி அருளம்பலம் செய்த கதிரை முனகாது என்று சண்டிலிப்பாயில் பேர். எவ்வளவு பாரமான மனிதர் உட்கார்ந்தாலும், எத்தனை கோடை வந்து போனாலும், மூட்டு இளகிச் சத்தம் போடாது. மானிப்பாய், பண்டத்தரிப்பு வரைக்கும் கல்யாண வீடுகளுக்கு அவருடைய சாய்மனைக் கதிரைகள் வண்டிலில் போயின.

ஆனால் அவர் கதிரையில் உட்கார்கிறவர் அல்ல. வேலை முடித்துக் கொடுக்கப் போகும் வீடுகளில் விறாந்தை ஓரத்தில் அவருக்கு ஒரு பலகை கிடைக்கும். சில வீடுகளில் அதுவும் கிடைக்காது, நின்றபடியே கதைத்துவிட்டு வருவார். தன் வீட்டில் பாய்தான். "எங்களுக்கும் ஒரு கதிரை செய்தால் என்ன?" என்று மனைவி நல்லம்மா ஒருமுறை கேட்டபோது, "அதிலை இருந்து என்ன செய்யிறது?" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

செய்து முடித்த கதிரையைச் சோதிக்க அவரிடம் ஒரு சாக்கு இருந்தது. அதில் ஒரு பெரிய ஆளின் பாரத்துக்கு மணல் நிரப்பியிருந்தார். மூன்று நாள் அந்த மூட்டை கதிரையில் இருக்கும். நாலாம் நாள் மூட்டுகளைத் தடவிப் பார்த்து, அசைவில்லை என்றால் கொடுத்துவிடுவார்.

வெள்ளைக்காரர் ஆண்ட அந்த வருடங்களில் கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. எந்தச் சாதிப் பிள்ளையையும் நிலத்தில் இருத்தக்கூடாது, எல்லோருக்கும் ஆசனம் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அருளம்பலத்தின் வீட்டுக்கு மேற்கே இருந்த சிறிய பள்ளிக்கூடத்தின் மனேஜர் தில்லைநாதன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அருளம்பலத்தைக் கூப்பிட்டு, ஒரு சாண் உயரத்தில் நாலு வாங்கு செய்யச் சொன்னார். தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் வாங்கு இரண்டு சாண் உயரம்.

"வாங்கு எண்டா வாங்குதான். உயரம் எவ்வளவு எண்டு உத்தரவிலை இல்லை" என்று தில்லைநாதன் சிரித்தார்.

அருளம்பலம் செய்தார். நன்றாகவே செய்தார். பலாப் பலகை, வேம்பிலே கால், ஆணியில்லாத மூட்டு. மணல் மூட்டையையும் வைத்துப் பார்த்தார். வாங்குகள் கடைசி வரிசைக்குப் பின்னால் போடப்பட்டன. பரிசோதகர் வந்து பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

இது நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு மானிப்பாயிலிருந்து சுகிர்தம் ரீச்சர் வந்தார். கிறிஸ்தவர்கள், வேதக்காரக் குடும்பம். மதராசில் மூன்று வருடம் சித்திரம் படித்துத் திரும்பி, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய படங்களை ஊரில் பலருக்குப் பிடிக்காது. மூக்கும் கண்ணும் இருக்கவேண்டிய இடத்தில் சில வேளை ஒன்றுமே இருக்காது. அவர் வரைந்ததெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற விதத்தைத்தான். மயிலிட்டியில் வள்ளத்து விளிம்பில் குந்தியிருக்கும் மீனவர், கீரிமலைக் கேணிப் படியில் ஈரச் சேலையோடு இருக்கும் பெண்கள். முகமில்லாவிட்டாலும் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

படம் வைத்து வரைய ஒரு முக்காலி வேண்டும் என்று வந்தவர், செய்து முடியும்வரை அவருடைய வேலைக் கொட்டிலின் வாசலில் நின்று பார்த்தார். அவர் "நீங்கள்" என்றும் "ஓடாவியார்" என்றும் சொன்னது அருளம்பலத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. முக்காலியை வாங்கிக்கொண்டு போகும்போது, தான் கொண்டுவந்த படக் கட்டை அவிழ்த்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார்.

"உங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை சித்திரப் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்லப் போனனான். அங்கை வரைஞ்சது. உந்த வாங்கை ஆர் செய்தது?"

கரிக்கட்டியால் வரைந்த படம். மூட்டைப் பார்த்த உடனே அருளம்பலத்தின் முகம் மலர்ந்தது. "நான்தான் ரீச்சர். என்ரை வேலைதான்."

"நல்ல வேலை. அதிலை இருந்து பாத்தனீங்களோ?"

"மணல் மூட்டை வைச்சுப் பாத்தனான்."

சுகிர்தம் படக் கட்டைத் திரும்பக் கட்டினார். பிறகு, "மூட்டைக்கு முழங்கால் இல்லையே ஓடாவியார்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அருளம்பலம் படத்தில் வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தார். ஏழெட்டுப் பிள்ளைகள். முழங்கால்கள் மேலேறி முகத்து நாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. சிலேட்டை வைக்க மடி இல்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். ஒரு நெடிய பெட்டை கழுத்தை ஒருபக்கம் வளைத்து, முன்னால் இருப்பவர்களின் முதுகுகளுக்கிடையே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கரும்பலகையின் சட்டத்தைத் திருத்த அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒருவரும் இல்லை. வேலை முடிந்ததும் பின்னால் போய், அந்த வாங்கில் உட்கார்ந்தார். முன் வாங்கின் முதுகுப்பலகை மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பலகையையும் அவர்தான் இழைத்திருந்தார். அதில் ஓடிய மரநாரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்துவிட்டு எழும்பினார்.

வீட்டுக்கு வந்து நல்லம்மாவிடம் சொன்னார். "பிழையான வேலை ஒண்டு செய்துபோட்டன்."

"மூட்டு விட்டுப்போச்சோ?"

"மூட்டு விடேல்லை. அதுதான் பிழை."

அடுத்த கிழமை அவரே மானிப்பாய்க்கு நடந்து போனார். நல்ல வாங்கு எப்படி இருக்கவேண்டும் என்று ரீச்சருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது என்பது போனபிறகுதான் தெரிந்தது. அவருக்கு மரம் தெரியும், ரீச்சருக்கு உடம்பு தெரியும். ஆகவே பிள்ளைகளை அளந்தார்கள். சுகிர்தத்தின் பள்ளிக்கூடத்துப் பெட்டைகள், அயல் வீட்டுப் பெடியள், கிணற்றடிக்கு வந்த பிள்ளைகள். ரீச்சர் இருக்கும் விதத்தை வரைவார், அருளம்பலம் முழங்கால் மடிப்பிலிருந்து நிலம்வரை ஒரு தடியில் கோடு போடுவார்.

"ரீச்சர், வயசுக்கும் உது ஒத்துவரேல்லை. ஒரே வயசுப் பிள்ளையளிலை நாலு விரல் வித்தியாசம்" என்று ஒருநாள் ஆச்சரியப்பட்டார். "காலைத்தான் கேக்கவேணும்."

மூன்று உயரம் போதும் என்று முடிவாயிற்று. சிறியது முன்னால், நடுத்தரம் நடுவில், பெரியது பின்னால். அப்படிப் போட்டால் எல்லோருக்கும் கரும்பலகை தெரியும்.

சண்டை வராத நாளில்லை. முதுகுச் சாய்வின் மேல்விளிம்பு அலைபோல வளையவேண்டும் என்று ரீச்சர் படம் போட்டுக் கொடுத்தார். "நார் குறுக்கை ஓடுது. ஆறு மாதத்திலை வெடிக்கும்" என்று அருளம்பலம் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாய்வுக்குக் கடைசல் பிடித்த கம்புகள் வைத்தால் அழகு என்று அவர் ஒரு மாதிரி செய்து காட்டியபோது, "முதுகெலும்பிலை குத்தும். இருந்து பாருங்கோ" என்றார் ரீச்சர். அவர் சட்டென்று இருந்து பார்த்தார். குத்தியது. இரண்டு பேரும் உடனே கம்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ரீச்சருக்கு முருங்கைக்காய் கொடுக்க மானிப்பாய்க்கு வந்திருந்த நல்லம்மாதான், தன் புருசன் இன்னொருவர் முன்னால் கதிரையில் இருக்கிறதை முதன்முதலாகக் கண்டு, வாசல் படலையடியில் அப்படியே நின்றாள்.

எந்தப் பிள்ளைக்கு எந்த வாங்கு என்று தெரிய, ரீச்சர் பறவைகளைத் தீட்டினார். சிறிய வாங்கின் பக்கப்பலகையில் சிட்டுக்குருவி, அடுத்ததில் கிளி, உயர்ந்ததில் பலகை முழுக்க, நிலம்வரை நீண்ட காலோடு ஒரு கொக்கு. அதே பறவைகள் ஓர் அளவுத்தடியிலும் இருந்தன. தடியோடு நின்றால் முழங்கால் எந்தப் பறவைக்கு வருகிறதோ அதுதான் உன் வாங்கு.

பள்ளிக்கூடத்து உயர்ந்த வாங்குகளில் கறையான் செல் ஏறியிருந்ததால் புதியவை செய்ய மனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "மூண்டு உயரத்திலை செய்யிறன் ஐயா, பிள்ளையள் மூண்டு உயரம்தானே" என்றார் அருளம்பலம். உயரம் குறைந்த பதிவானவை பழையபடி பின்னுக்குத்தானே என்று நினைத்து மனேஜர் தலையாட்டினார். அவர் அப்படித்தான் நினைப்பார் என்று அருளம்பலத்துக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் வந்தார்.

தைப்பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய நாள், தலைமை உபாத்தியாயர் பிள்ளைகளை வரிசையாகத் தடியோடு நிறுத்தி அளந்தார். பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். மத்தியானத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. படத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்த நெடிய பெட்டைக்குக் கொக்கு கிடைத்திருந்தது. தில்லைநாதனின் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணி இறைக்கும் கணவதியின் மகள் அவள். தில்லைநாதனின் கடைசி மகனுக்குச் சிட்டுக்குருவி.

தில்லைநாதன் நேரே கொட்டிலுக்கு வந்தார்.

"என்ன வேலையடா பாத்து வைச்சிருக்கிறாய்? கணவதியின்ரை பெட்டை மேலை, என்ரை பெடியன் கீழையோ?"

"தம்பியின்ரை கால் இன்னும் வளரேல்லை ஐயா."

"காலை அளக்கச் சொன்னது ஆர்? அந்த வேதக்காரியோ?"

"யோசினை அவவின்ரை. அளந்தது நான்."

"நாளைக்கு வந்து பழைய வாங்கு நாலையும் பின்னாலை போடு."

அருளம்பலம் சீவுளியைக் கீழே வைத்தார். "ஐயா, அந்த வாங்கு நான் செய்ததுதான். இனி அதை என்ரை கையாலை போடமாட்டன்."

மேல்சாதிப் பெற்றோர் தங்கள் முப்பத்திமூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்தார்கள். அருளம்பலத்துக்கு ஊரில் வேலை நின்றது. அவர் அதை எதிர்பார்த்திருந்தார். எதிர்பாராதது, பத்து நாள் கழித்துக் கணவதி வந்ததுதான்.

கணவதி படலைக்கு வெளியிலேயே நின்றார். "ஓடாவியார், ஒண்டு கேக்கலாமோ?"

"உள்ளை வாருங்கோ."

"இல்லை, இதிலை நிண்டே கேக்கிறன். எனக்குத் தோட்ட வேலை நிண்டுபோச்சு. தண்ணி அள்ளுற கிணத்தையும் மறிச்சுப்போட்டினம். என்ரை பிள்ளையை மேலை இருத்த முதல் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஊரிலை உள்ள முழங்காலெல்லாம் அளந்தனீங்கள். என்ரை வீட்டு வாசலுக்கு வரேல்லையே."

அருளம்பலம் படலையடிக்கு வந்து, "கேக்கேல்லை. பிழைதான்" என்றார். பிறகு, "பிள்ளையை மறிக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

"மறிச்சாலும் அவள் நிக்கமாட்டாள். கொக்கு வாங்கு, கொக்கு வாங்கு எண்டு சொல்லித் திரியிறாள்." கணவதி அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இதை மானிப்பாய்க்குப் போய்ச் சொன்னபோது சுகிர்தத்தின் முகம் கறுத்தது. மறுநாள் பின்னேரம் இருவரும் கணவதியின் குடிலுக்குப் போனார்கள். நியாயம் பேச அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். "வேலை வேணும்" என்றார் கணவதி. "வேறை என்ன? பிள்ளை தன்ரை பாட்டைத் தானே பாத்துக்கொள்ளுவாள்."

அருளம்பலத்துக்கு மயிலிட்டியில் வள்ளம் திருத்தும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. பெரிய மரம் அரிய இரண்டு பேர் வேண்டும், மேலே ஒருவர், கீழே ஒருவர். ஊரில் ஒருவரும் அவரோடு சேர வராததால் அவருக்கும் ஆள் தேவைப்பட்டது. இரண்டு வருடம் அவரும் கணவதியும் ஒரே வாளின் இரண்டு பக்கமும் பிடித்து மரம் அரிந்தார்கள். அதிகம் கதைத்துக்கொள்ளவில்லை. சிநேகிதர்களானார்கள் என்று சொல்வது மிகை. வாள் ஒழுங்காக ஓடியது, அவ்வளவுதான்.

இதற்கிடையில், கணவதியின் மகள் மேலே இராதபடி, மனேஜர் வேறோர் ஊரிலிருந்து ஒரு தச்சரைக் கொண்டுவந்து, கொக்கு வாங்குகளின் கால்களைப் பக்கப்பலகையோடு சேர்த்து அறுப்பித்தார். எல்லாம் கிளியின் உயரத்துக்கு வந்தன. அறுத்தபோது கொக்குகளின் கால்களும் போய்விட்டன. இரண்டு நாளில் பிள்ளைகள் அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு வாங்கின் கீழும் சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் கொக்குக்குக் கால் வரைந்துவிட்டார்கள். கூட்டும்போது அழிந்துபோகும், மறுநாள் மறுபடி வரைவார்கள்.

மறிக்கப்பட்டவர்கள் போய்வந்த மற்றப் பள்ளிக்கூடம் இரண்டு மைல் தூரம். மாரி தொடங்க, மறிக்கப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தலைமை உபாத்தியாயர் எதுவும் சொல்லாமல் தடியை எடுத்து அளந்து இருத்தினார். நெடிய பிள்ளைகளுக்கு இப்போது வாங்கு கொஞ்சம் பதிவுதான், ஆனால் எல்லா வீட்டு நெடிய பிள்ளைகளுக்கும் பதிவு. பழைய நாலு வாங்கும் தண்ணிக்குடம் வைக்கப் போயின. தில்லைநாதன் தான் விட்டுக்கொடுத்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. கேட்பாரும் இல்லை.

சுகிர்தம் கொக்குகளுக்குத் திரும்பக் கால் தீட்ட வேண்டும் என்றார். "வேண்டாம் ரீச்சர். பெடியள் கீறினது எங்கடையை விட நல்லாயிருக்கு" என்றார் அருளம்பலம். ரீச்சருக்கு அது சுட்டது. ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு கதைத்தார்கள், வேலையும் செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆறு பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்கும் ஆசனம் செய்தார்கள். இப்போது அளவெடுக்கும் தடியைத் தூக்குமுன் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனார்கள். சில வீடுகளில் வேண்டாம் என்றார்கள், அந்தப் பள்ளிக்கூடங்களுக்குச் செய்யவில்லை. அது சரியா என்று இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது என்பது ரீச்சரின் கட்சி. கேளாமல் நடந்ததைப் பார்த்தோமே என்பது அருளம்பலத்தின் கட்சி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். சுகிர்தத்தின் படங்களோடு, இருவரும் பெரியவர்களுக்காகப் புதிதாகச் செய்த ஒரு வாங்கையும் மண்டபத்தின் நடுவில் போட்டார்கள். தொடவேண்டாம் என்று ஒரு மட்டையும் வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட கனவான்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிப் பார்த்தார்கள். அருளம்பலம் வேட்டி சால்வையோடு மூலையில் நின்றார்.

வெளியில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிசி, வெயில் தாங்காமல் பெட்டியோடு உள்ளே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். இருக்க இடமென்று இருந்தது அந்த வாங்கு ஒன்றுதான். போய் இருந்துவிட்டாள். முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். காவலுக்கு நின்றவர் பதறி ஓடினார்.

"அவவை எழுப்பாதையுங்கோ" என்று அருளம்பலம் மூலையிலிருந்து உரக்கச் சொன்னார். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னும் கிட்ட வந்து, குனிந்து, அந்த மனிசியின் பாதங்கள் நிலத்தில் முழுக்கப் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்தார்.

"ரீச்சர், குதி ஒரு விரல் எழும்பி நிக்குது."

சுகிர்தமும் வந்து குனிந்தார். "ஓம். உயரம் கூடிப்போச்சு."

"அறுக்கவேணும்."

"இஞ்சையோ? இப்பவோ?"

"அவ நித்திரை எழும்பட்டும்" என்றார் அருளம்பலம்.