பிள்ளையார் சாப்பிட்ட பொரி

நான் தைத்த சாக்கில் ஓட்டை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பினாங்குக் கடற்கரையோரம் ஒரு சீனத் தவுக்கேயின் கிடங்கில் நான் சாக்குத் தைத்தேன். சுமத்திராவிலிருந்து வரும் மிளகைக் காயவைத்து, புடைத்து, இரட்டைச் சாக்கில் கட்டிச் சீமைக் கப்பலுக்கு அனுப்புவார் அந்த முதலாளி. ஈரம் ஏறாமல் தரையில் பலகை, மழைக்குக் கித்தான், சிந்தாமலிருக்க என் ஊசி. இவை சரியாக இருந்தால் மிளகு பத்திரமாகப் போய்ச் சேரும்.

என் வீட்டுக்காரர் அங்கே மேஸ்திரி. மூட்டை தூக்குகிறவர்களை மேய்ப்பது அவர் வேலை. சரக்குக்குச் சேதம் வரக்கூடாது என்று கிடங்கின் மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அருகம்புல் மாலை, பொரி, வெல்லம், தேங்காய்ச் சில்லு. முதல் பங்கு தவுக்கேக்கு. அவரும் பயபக்தியோடு வாங்கிக்கொள்வார். மீதியை இலையோடு சாமி முன்னால் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவோம். மறுநாள் காலை இலை துடைத்த மாதிரி இருக்கும். "பாத்தியா, பிள்ளையாரே வந்து சாப்பிட்டிருக்காரு" என்பார் என் மேஸ்திரி, என்னமோ இவரே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டதுபோல.

ஒரு நாள், கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தொங்கான் படகில் மூட்டை ஏற்றும்போது மிளகு பொலபொலவென்று கடலில் கொட்டியது. ஒன்றல்ல, பல மூட்டைகளில் தையல் ஓரமாகவே ஓட்டை. தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். எலியாக இருக்கும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மிளகை எந்த எலி தின்னும்? அதைவிட என் வீட்டுக்காரர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது: "தையல்தான் தளர்ச்சி, தவுக்கே." அடுத்த சரக்கிலும் கொட்டினால் ஊசி வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்று தவுக்கே மலாய் மொழியில் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக் குழம்பில் உப்பைக் குறைத்தேன். மறந்தல்ல, வேண்டுமென்றேதான். அவரும் குறை சொல்லாமல் தின்றார்.

அடுத்த சரக்கை ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்துத் தைத்தேன். மூட்டைகளை அடுக்கிவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். சாமி முன்னால் இலை காலி. ஆனால் அங்கிருந்து மிளகு அடுக்கு வரைக்கும் பொரி சிந்திக் கிடந்தது. சாமி இப்படியா இறைத்துக்கொண்டு சாப்பிடும்? வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அடுக்கை இறக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். பின்வரிசையில் ஓர் எலிக்கூடு. மெத்தைக்கு என் சாக்கிலிருந்து உருவிய சணல், மேலே அருகம்புல், நடுவில் தேங்காய்ச் சில்லு. குஞ்சுகள் வேறு, கொழுகொழுவென்று. மிளகை அவை தொடவே இல்லை. விருந்துக்கு வந்த இடத்தில் குடித்தனம் நடத்தப் படுக்கை வேண்டாமா?

"பிள்ளையாரோட வாகனத்தப் போயி குத்தம் சொல்றியா?" என்றார்.

"வாகனத்தச் சொல்லலங்க. அதுக்குத் தீனி வச்ச கையச் சொல்றேன்."

அவர் குனிந்து கூட்டையே பார்த்தார். கூட்டைக் கலைத்துவிட்டு அவர் சும்மா இருந்தால், பழி என் தலையில்தான். ஆனால் அவர் கூட்டை அப்படியே முறத்தில் எடுத்துக்கொண்டு நேராகத் தவுக்கேயிடம் போனார். "தையல் மேல தப்பில்ல தவுக்கே. நான் வச்ச பொரிதான்."

தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாமி இருக்கட்டும், பொரி மட்டும் இருக்கக்கூடாது, கதவு பூட்டுமுன் அத்தனையையும் தின்று தீர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எலிக் குடும்பத்தைக் கொல்ல மனமில்லாமல் என் வீட்டுக்காரர் கரையோரக் கற்களுக்குள் விட்டுவிட்டு வந்தார். கடிபட்ட சாக்குகளை நான் மாற்றித் தைத்தேன். அந்தச் சரக்கு ஒரு மணி மிளகுகூடச் சிந்தாமல் தொங்கான் ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தவுக்கே வழக்கம்போல் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அவரைத் தாண்டி வந்து என் கையில் பொரியை வைத்தார். "இன்னிக்கு மொதப் பங்கு தையக்காரிக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே, கீழே ஒரு பொரி விழாமல் தின்று முடித்தேன்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக விழுந்தது. அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.